மாசமாயிருக்கும்போது எத்தனை புதுத்துணி வேண்டும்?

ஐந்தாம் மாதம் நடக்கிறது, தங்கச்சிமடத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறேன், சுடிதார் எல்லாம் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, ஆன்லைனில் கர்ப்பிணி குர்தி ஒன்றே ஆயிரத்துக்கு மேல் போகிறது, கையில் 3000 ரூபாய் இருக்கிறது, எதை வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். "நைட்டியும் சேலையும் போதாதா, நாங்கள்லாம் தனியாவா தச்சுப் போட்டோம்" என்று மாமியார் சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். எதை வாங்குவது என்பதைவிட, இப்போது போடும் காசு எத்தனை நாளைக்கு உழைக்கும் என்பதுதான் உங்கள் கவலை என்று படுகிறது. நாலு மாதம் கழித்து எல்லாம் பீரோவுக்குள் போய்விடுமோ என்ற பயம். மாமியார் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைத்தான் எழுதப் போகிறேன்.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. இந்தக் கடற்கரையில் 22 வருடமாகத் தைக்கிறவள், இரண்டு பிள்ளை பெற்றவள். என் மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்து "அக்கா, இதக் கொஞ்சம் லூசாக்கித் தாங்க" என்று சொல்லாத மாசக்காரி எங்கள் தெருவில் குறைவு. அதனால் துணி, அளவு, தையல் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். உடம்பைப் பற்றிச் சொல்லும் இடங்களில் எது எனக்கு உறுதி, எது கேள்விப்பட்டது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. தலைப்பிள்ளைக்கு வயிறு வெளியே தெரிவது பெரும்பாலும் ஐந்தாம் மாதத்தில்தான். அங்கிருந்து பிரசவம் வரை நாலரை, ஐந்து மாதம். பால் கொடுப்பது எவ்வளவு நாள்? முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற சாப்பாட்டோடு 2 வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனமே சொல்வது. ஐந்து மாதம் எங்கே, இரண்டு வருடம் எங்கே! ஆனால் கடையில் விற்கிற "கர்ப்பிணி உடை" எல்லாம் அந்த ஐந்து மாத வயிற்றைத்தான் பார்த்துத் தைத்தது. அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வயிற்றுக்கு இடம் என்பது இருக்கிற துணியைப் பிரித்தாலே கிடைத்துவிடும். புதிதாகக் காசு போடுவதானால் முன்பக்கம் திறக்கிற துணிக்குப் போடுங்கள். இன்று வாங்கும் எதையும் "இதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியுமா" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். முடியாது என்றால் அது என்ன ஆஃபரில் கிடைத்தாலும் வேண்டாம்.

உங்களிடம் இருக்கிற சுடிதார்களை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தைக்கக் கொடுத்து வாங்கியது என்றால் பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு அங்குலமாவது துணி விட்டிருப்பார்கள். ஒரு பக்கத்தில் முன்துணியில் ஒன்று, பின்துணியில் ஒன்று, அதே மாதிரி அடுத்த பக்கம். ஆக நாலு அங்குலம் சும்மா உள்ளே கிடக்கிறது. அதைப் பிரித்து விளிம்போரமாகத் தைத்தால் ஏழாம் மாதம் வரை ஓடும். ரெடிமேடில் இந்த அதிர்ஷ்டம் கிடையாது, ஓவர்லாக் அடித்து ஒட்ட வெட்டியிருப்பார்கள். அதற்குக் கைக்குழியிலிருந்து பக்கத் திறப்பு வரை இரண்டு பக்கமும் ஒரு கலித்துண்டு, அதாவது கீழே அகன்று வரும் தனித்துண்டு, வைத்துத் தைக்க வேண்டும். மேலே இரண்டு அங்குலம், கீழே வர வர ஐந்து அங்குலம். அந்தச் சுடிதாருக்கு வந்த ஷாலின் ஓரத்திலேயே துணி எடுத்துக்கொள்ளலாம், நிறம் ஒத்துப்போகும். ஒட்டுப்போட்டது மாதிரி தெரியுமே என்று தயங்குகிறவர்களுக்கு ஓரத்தில் ஒரு பைப்பிங் வைத்துக் கொடுப்பேன். அப்புறம் அது டிசைன்!

அதே கையோடு பால் கொடுப்பதற்கான ஜிப்பையும் வைத்துவிடுங்கள். பிள்ளை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், அப்போது தையல்காரியைத் தேடிப் போக நேரம் இருக்காது. மார்பின் இரண்டு பக்கமும் நேர்குத்தாக, மார்பு வழியே மேலிருந்து கீழாக இறங்கும் பிரின்சஸ் கட் தையல் வரும் கோட்டில், 8 அல்லது 9 அங்குல ஜிப். உள்ளே இரண்டு அங்குல அகலத்தில் ஒரு துணிப்பட்டி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஜிப்பின் பல் உங்களைக் கடிக்கும். மேலே ஜிப்பின் தலை வந்து நிற்கும் இடத்தில் ஒரு சின்ன மடிப்பு வைத்து அதை மறைக்க வேண்டும், பிள்ளையின் கன்னம் உரசுகிற இடம் அது. கட்டாயம் நைலான் ஜிப்தான். பித்தளைப் பல் வைத்த ஜிப் நம் உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்து நடுவழியில் நின்றுவிடும். நைலானும் சில நாளில் இறுகினால் மெழுகுவர்த்தியை அதன்மேல் இரண்டு தடவை தேய்த்துவிட்டால் போதும், வழுக்கிக்கொண்டு ஓடும்.

சேலைக்கு வருவோம், இங்கேதான் மாமியார் சரி. எந்த வயிற்றுக்கும் அளவு பார்க்காத உடை சேலை ஒன்றுதான். முந்தானையை இழுத்துவிட்டால் பால் கொடுக்கத் தனியாக ஒரு போர்வையும் தேவையில்லை. பரமக்குடி, எமனேசுவரம் தறியில் நெய்த பருத்திச் சேலை ஒன்றிரண்டு வீட்டில் இருந்தால் பஸ் பயணத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. கஞ்சியை மட்டும் நன்றாக அலசி எடுத்துவிடுங்கள். பாம்பன் பாலத்துக் காற்றுக்குப் பயந்து தோளில் ஊக்கு குத்துவீர்கள், தெரியும். பிள்ளை கைக்கு வந்தபிறகு ஊக்கு வேண்டாம். அந்த இடத்தில் ஜாக்கெட்டிலும் முந்தானையிலும் ஒரு ஜோடி பிரஸ் பட்டன் தைத்துக்கொள்ளலாம்.

சேலையில் தொந்தரவு செய்வது உள்பாவாடை நாடா. இடுப்பைச் சுற்றிக் கறுத்து, தோல் தடித்து, சில பேருக்குப் புண்ணாகவே ஆகிக் கிடப்பதை அளவெடுக்கும்போது நான் பார்த்திருக்கிறேன். மெல்லிய கயிறு வருடக்கணக்கில் ஒரே இடத்தில் அறுப்பதால் வருவது அது. மாசமாயிருக்கும்போது இடுப்பு நாளுக்கு நாள் பெருப்பதால் இன்னும் மோசம். கயிற்றை உருவிவிட்டு, பழைய பருத்தித் துணியில் ஒன்றரை அங்குல அகலத்துக்குப் பட்டையாகத் தைத்த நாடாவைக் கோத்துக்கொள்ளுங்கள், வயிற்றுக்குக் கீழே தழையக் கட்டுங்கள். உள்பாவாடைக்குப் பதிலாகப் போடுகிற, மீன்வெட்டு மாதிரி உடம்போடு ஒட்டுகிற சேலை ஷேப்பரைப் பிள்ளை பிறந்து ஆறு மாதம் வரைக்கும் மறந்துவிடுங்கள்.

ஜாக்கெட்டில் முன்கொக்கி. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். மூத்தவளுக்கு நாலு மாதம் இருக்கும்போது ஒரு கல்யாணத்துக்குப் போனேன். தையல்காரி ஜாக்கெட் சாதாரணமாக இருக்கலாமா என்று பின்பக்கம் கொக்கி வைத்து, முதுகில் குஞ்சம் வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். பந்தி நடக்கிற நேரத்தில் பிள்ளை அழ ஆரம்பித்தது. முன்னால் திறப்பு கிடையாது, பின்கொக்கி எனக்கே எட்டாது. முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என்னைச் சாமான் அறைக்குள் கூட்டிப்போய், அரிசி மூட்டை மேல் உட்காரவைத்து, கொக்கியை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார். மொத்த ஜாக்கெட்டையும் இறக்கித்தான் பால் கொடுத்தேன். அத்தனை பேருக்குத் தைத்துக் கொடுத்தவள் எனக்குத் தைத்துக்கொண்ட லட்சணம் அது. பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை வந்தது 2015-லிருந்துதான். கல்யாண மண்டபத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இன்னும் அது வந்து சேரவில்லை என்பதால் சொல்கிறேன்.

கொக்கியிலும் ஒரு விஷயம். என் மெஷின் பக்கத்தில் கீழே விழுந்த ஊசி பொறுக்க ஒரு காந்தம் வைத்திருக்கிறேன். புதுக் கொக்கிப் பாக்கெட் வாங்கினால் அதில் ஒட்டிப் பார்ப்பேன். கப்பென்று ஒட்டுவது இரும்புக் கொக்கி. பெயிண்ட் உரிந்ததும் துருப்பிடித்து, வெள்ளைத் துணியில் செம்மண் நிறத்தில் பொட்டு வைக்கும், முனை சொரசொரப்பாகிப் பிள்ளை மூக்கைக் கீறும். ஒட்டாத பித்தளைக் கொக்கி இரண்டு ரூபாய் கூட. நம் ஊர் மழைக்காலத்தை இரும்பு தாங்காது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமிருந்து வரும் பெண்கள் ஃபர்தாவுக்கு உள்ளே எதைப் போட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஃபர்தாவே முன்னால் திறக்காவிட்டால் உள்ளே ஜிப் வைத்து என்ன பயன்? கழுத்திலிருந்து இடுப்பு வரை ஜிப் அல்லது பட்டன் வைத்ததைத்தான் இந்த இரண்டு வருடத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். கறுப்பு சிந்தெடிக் துணி வெயிலில் கொதிக்கும் என்பதால், உள்ளே மெல்லிய பருத்தி நைட்டி போதும், சுடிதாருக்கு மேல் ஃபர்தா வேண்டாம்.

இதைவிட மலிவு உங்கள் வீட்டு அலமாரியிலேயே தொங்குகிறது. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பருத்தி, தளர்ச்சி, முன்னால் முழுக்கப் பட்டன். பால் கொடுக்கிறவளுக்குத் தேவையான மூன்றும் அதில் இருக்கிறது. வீட்டுக்காரரின் பழைய சட்டை ஒன்றும் லெக்கின்ஸும் இருந்தால் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு ஒரு ஜோடி தயார். அவர் ஒல்லியாக இருந்தால் மட்டும் கஷ்டம்.

காசு போட்டே ஆக வேண்டிய இடம் பிரா. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். மார்பளவு கூடுவது ஆளுக்கு ஆள் மாறும். என் நாடாவில் நான் பார்த்தவரை பிரசவத்துக்குள் இரண்டிலிருந்து நாலு அங்குலம். விலாவும் விரிவதால் மார்புக்குக் கீழே இருக்கிற சுற்றளவும் கூடும். இப்போது இருக்கிற பிராக்கள் முதுகில் மட்டும் இறுக்குகின்றன என்றால், கொக்கியோடு இணைக்கிற எக்ஸ்டெண்டர் துண்டு ஃபேன்சி கடையில் முப்பது, நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதை வைத்துச் சமாளியுங்கள். கப்பே போதவில்லை என்றால்தான் புதிது. இப்போதே வாங்குவதானால் கடைசி, அதாவது மிக இறுக்கமான கொக்கியில் சரியாக இருப்பதை வாங்குங்கள், போகப் போகத் தளர்த்திக்கொள்ளலாம். எட்டாம் மாதத்துக்கு மேல் வாங்கினால் இதற்கு நேர்மாறு. தளர்ந்த கொக்கியில் சரியாக இருக்க வேண்டும், பிரசவம் ஆனதும் விலா சுருங்கும்போது இறுக்கிக்கொள்ளலாம். பாலூட்டும் பிராவைப் பிரசவத்துக்கு முன்னால் இரண்டுக்கு மேல் வாங்காதீர்கள். பால் இறங்கும் அந்த முதல் வாரத்தில் மார்பு கல் மாதிரி ஆகும், அந்த அளவு நிரந்தரம் இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் நிதானப்பட்ட பிறகு மூன்றாவதை வாங்கலாம். இறுக்கமான பிரா ஓரிடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் பால் கட்டிக்கொள்ளும் என்பதை எல்லா நர்ஸம்மாவும் சொல்வார்கள். என் இளையவனுக்கு எனக்கே கட்டிக் காய்ச்சல் வந்தது. கம்பி வைத்த பிரா எல்லோருக்கும் கெடுதலா என்றால் அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் இந்தக் காலத்தில் கம்பி சரியான இடத்தில் உட்காராது என்பது அளவெடுக்கிறவளுக்குத் தெரியும்.

கசிகிற பாலுக்குப் பேட் வாங்க வேண்டாம். அப்பாவின் பழைய எட்டுமுழ வேட்டி ஒன்று போதும். நாலரை அங்குல வட்டமாக வெட்டி, ஐந்தாறு மடிப்பு அடுக்கி, ஓரத்தில் ஒரு தையல். பன்னிரண்டு தைத்துக்கொள்ளுங்கள். நனைந்ததை உடனே மாற்ற வேண்டும், ஈரத்தோடு இருந்தால் காம்பு ஊறிப் புண்ணாகும். சாயம் போட்ட துணியில் தைக்காதீர்கள்.

துணியைப் பற்றி ஒரே ஒரு பேச்சு: பருத்தி. பாலியஸ்டர் கலந்தது சீக்கிரம் காயும், விலை குறைவு, எல்லாம் சரி. ஆனால் வயிற்று மடிப்பிலும் மார்புக்குக் கீழும் வேர்வை தேங்கி வேர்க்குரு வந்தால் ஐந்தாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம் வரை சொறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். ரேயான் மெத்தென்று இருக்கும், ஆனால் நனைந்தால் நைந்துபோகிற குணம் அதற்கு, தினமும் துவைக்கிற துணிக்கு ஆகாது. எதைத் தைப்பதாக இருந்தாலும் வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி ஊறப்போட்டுக் காயவைத்துக் கொடுங்கள். சுருங்குகிறது வெட்டுவதற்கு முன்பே சுருங்கட்டும்.

நம் ஊர்த் தண்ணீரையும் சேர்த்து யோசிக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் அலசிய துணியில் உப்பு தங்கிவிடும், அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கொடியில் நாள் முழுக்கக் கிடந்தும் சேலை பிசுபிசுவென்று இருப்பது இதனால்தான். சோப்பும் அந்தத் தண்ணீரில் நுரைக்காமல் திரிந்து துணியிலேயே ஒட்டும், துணி விறைக்கும், உரசும். எல்லாத் துணிக்கும் நல்ல தண்ணீர் கட்டுப்படியாகாது. பிரா, பேட், பிள்ளைத் துணி மூன்றுக்கும் மட்டும் கடைசி அலசலுக்கு அரை வாளி குடிதண்ணீர் ஒதுக்குங்கள். உங்கள் கணக்குப்படி பிரசவம் கார்த்திகை கடைசியில் வருகிறது. நமக்கு மழை கொட்டுகிற காலம், துணி காய இரண்டு நாள் ஆகும். கோடையில் பெற்றவளுக்கு மூன்று நைட்டி போதும் என்றால் உங்களுக்கு ஐந்து வேண்டும். அதற்காக ஐந்தையும் வாங்கச் சொல்லவில்லை. அக்கா, பெரியம்மா மகள், பக்கத்து வீடு என்று சமீபத்தில் பெற்றவர்களிடம் கேட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அப்படிப்பட்ட பழையதாகவே இருக்கட்டும், கறை படும், தீட்டுத்துணி என்று வீட்டில் தூக்கிப் போடவும் செய்வார்கள். ஆப்பரேஷன் என்று ஆனால் ஒன்று: தையல் அடிவயிற்றில் இருக்கும், பாவாடை நாடாவும் பேன்ட் எலாஸ்டிக்கும் சரியாக அதன்மேல்தான் வந்து உட்காரும். முதல் ஆறு வாரம் நைட்டியோடு இருங்கள், உள்ளாடையை இரண்டு அளவு பெரிதாக வாங்கித் தொப்புளுக்கு மேல் ஏற்றிப் போடுங்கள்.

இனி, ஆளுக்கொன்றாகச் சொல்கிற விஷயங்கள். பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் துணி கட்டுவதைப் பற்றிக் கேட்பார்கள். இடுப்புக்குப் பிடிமானமாக, நடக்கச் சுகமாக இருக்கிறது என்று கட்டிக்கொண்டவர்கள் சொல்கிறார்கள், எனக்கும் இருந்தது. வயிறு வற்றியது துணியாலா, தானாகவா என்று கேட்டால், கர்ப்பப்பை தானே ஆறு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும் என்பதால் துணிக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க மாட்டேன். கட்டினால் மூச்சு முட்டக் கட்டாதீர்கள். ஆப்பரேஷன் என்றால் டாக்டரிடம் கேட்காமல் கட்டவே வேண்டாம். பால் கொடுத்தால் மார்பு தளர்ந்துவிடும், ராத்திரியும் பிரா போட்டே தூங்க வேண்டும் என்பது தவறு. தளர்வது கர்ப்பத்தாலும் வயதாலும் எடை ஏறி இறங்குவதாலும். ராத்திரி கழற்றிவிட்டே தூங்கலாம், பேட் வைக்க வேண்டுமானால் தளர்ந்த ஒரு பனியன் பிரா போதும். இறுக்கிக் கட்டினால் வயிறு சின்னதாக, பிள்ளை சுலபமாக வரும் என்பது முழுப்பொய், அதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

என் வேலைக்கு அப்பாற்பட்ட ஒன்றும் உண்டு. கடைசி மாதங்களில் செருப்பும் மெட்டியும் இறுகுவது பலருக்கும் வருவதுதான், மெட்டியை முன்கூட்டியே தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் திடீரென்று முகமும் கையும் வீங்கி வளையல் ஏறாமல், கூடவே தலைவலி, கண் மங்கல் என்றால் அதற்குப் பெரிய சைஸ் துணி தேடக் கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிரஷர் பார்க்க வேண்டும். நாலு நாளைக்குள் ஜாக்கெட் கை இறுகிவிட்டது என்று என்னிடம் பிரிக்க வந்த ஒரு பெண்ணை நான் மெஷினை மூடிவிட்டு நேராக அங்கேதான் கூட்டிப்போனேன்.

உங்கள் 3000-க்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் கூலிக்குச் சொல்கிறேன், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நாலு சுடிதாரைப் பிரித்து ஜிப் வைக்க ஒன்றுக்கு 80 என்று 320. மூன்று ஜாக்கெட் தளர்த்த 120. அகல நாடா வைத்த உள்பாவாடை இரண்டு, 360. பாலூட்டும் நைட்டி இரண்டு, துணி எடுத்துத் தைத்தால் 800. பாலூட்டும் பிரா, பிறகு வாங்கப் போகிற மூன்றாவதையும் சேர்த்து மூன்று, 350 வீதம் 1050. மொத்தம் 2650. மீதி 350-ல் உள்ளாடையும் எக்ஸ்டெண்டரும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி உங்களுக்குக் கிடைக்கிறது என்றால், அந்த 18,000 ரூபாய் பணமும் சத்துப் பெட்டகமுமாக வருவது சாப்பாட்டுக்காக. அதைத் துணிக்கடைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வளைகாப்புக்குப் பட்டு ஜாக்கெட் தைக்கப் போவீர்கள், அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அளவை ஒரு வாரம் முன்னால் கொடுங்கள், அதற்கு முன் கொடுத்தால் அன்றைக்கு ஏறாது. பின்னால் கயிறு, குஞ்சம் எல்லாம் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கொக்கி மட்டும் முன்னால் இருக்கட்டும். உள்ளே பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்து அதைப் போடப்போவது பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்று, அப்போது உங்கள் அளவு என்ன என்று உங்களுக்கும் தெரியாது, தையல்காரிக்கும் தெரியாது.